அலைநீளத்தை முடிவு செய்வது யார்?

கேள்வி: வணக்கம் சார். நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். அலைவுகள், அலைகள் இரண்டு பாடத்திலும் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்தால் புரிகிறது, ஆனால் தேர்வில் புதுக் கணக்கு வந்தால் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்றே தெரியவில்லை. போன தேர்வில் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்: 500 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ஒத்ததிர்வுக் குழாயின் மேல் பிடிக்கிறோம், காற்றுத் தம்பத்தின் நீளம் 16.5 செ.மீ. ஆகும்போது முதல் ஒத்ததிர்வும், 50.5 செ.மீ. ஆகும்போது இரண்டாவது ஒத்ததிர்வும் கேட்கின்றன. காற்றில் ஒலியின் வேகம் என்ன? முதல் நீளத்தை வைத்துப் போட்டால் 330 மீ/வி வருகிறது, இரண்டாவதை வைத்தால் 336.7 வருகிறது. இரண்டுக்கும் சராசரி எடுத்து எழுதினேன், தப்பு என்று போட்டுவிட்டார்கள். எது சரி சார்? இந்தப் பாடத்துக் கணக்குகளை எப்படித்தான் அணுகுவது?

பதில்: தம்பி, நீ எடுத்த இரண்டு விடையும் சரியில்லை, சராசரியும் சரியில்லை, விடை 340 மீ/வி. ஆனாலும் உன் விடைத்தாளில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாய். நிறைய பேர் முதல் நீளத்தை எடுத்து 330 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நீ சறுக்கியது அதற்கு அடுத்த படியில். ஒத்துப்போகவில்லை என்றால் நம் படத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடாமல் சராசரி எடுத்தால் பிழைக்கும் சேர்த்துத்தான் சராசரி எடுத்திருக்கிறோம்.

என்ன விட்டுப்போனது என்று பார்ப்போம். ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்திருப்பாய். தண்ணீர் மட்டத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வரும்போது ஒன்றும் கேட்காது, இன்னும் இறக்கினாலும் கேட்காது, அப்புறம் ஒரு இடத்தில் குழாய் முழுக்க நிறைந்து வழிகிற மாதிரி ஒலி எழும்பும், அதுதான் ஒத்ததிர்வு. அதையும் தாண்டி இரண்டு செ.மீ. இறக்கினால் அடங்கிப்போகும். ஒலி எழும்புகிற அந்த நிலையில், தண்ணீரை ஒட்டியிருக்கும் காற்று மேலும் கீழும் நகர வழியில்லை, அதனால் அங்கே கணு. மேலே வாய் திறந்திருக்கிறது, காற்று தாராளமாக ஆடலாம், அங்கே எதிர்க்கணு. கணுவுக்கும் பக்கத்து எதிர்க்கணுவுக்கும் நடுவே கால் அலைநீளம். இதுவரை நீ செய்தது சரி. ஆனால் எதிர்க்கணு குழாயின் விளிம்பில் மிகச் சரியாக வந்து உட்காருவதில்லை. வாய்க்கு வெளியே இருக்கும் காற்றும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஆடுகிறது, அதனால் அது விளிம்புக்குச் சற்று மேலே, குழாயின் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு உயரத்தில் அமைகிறது. இதைத்தான் முனைத் திருத்தம் என்கிறோம்.

ஆக, 16.5 உடன் ஒரு சின்ன நீளத்தைச் சேர்த்தால்தான் கால் அலைநீளம், 50.5 உடன் அதே சின்ன நீளத்தைச் சேர்த்தால்தான் முக்கால் அலைநீளம். அந்தச் சின்ன நீளம் எவ்வளவு என்று கணக்கில் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார், அது தானாகவே போய்விடும். 50.5-லிருந்து 16.5 போனால் 34 செ.மீ., அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 68 செ.மீ., அதாவது 0.68 மீட்டர், 500-ஆல் பெருக்கினால் 340. கால் அலைநீளம் 17 என்பதால் விட்டுப்போன துண்டு அரை செ.மீ. உன் முதல் விடை அதிகமாகப் பிசகி, இரண்டாவது விடை குறைவாகப் பிசகியதன் காரணமும் இதிலேயே இருக்கிறது: அதே அரை செ.மீ. 16.5-ல் பெரிய பங்கு, 50.5-ல் சின்னப் பங்கு. இரண்டு ஒத்ததிர்வு நீளங்களைக் கொடுத்திருந்தால், கழிப்பதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்.

சரி, இப்போது பெரிய கேள்வி. 'எந்தச் சூத்திரம் என்று தெரியவில்லை சார்' என்பதை முப்பது வருடமாக வகுப்பில் கேட்டுவருகிறேன், சொல்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சூத்திரத்தைத் தேடுவது இரண்டாவது வேலை. அதற்கு முன்னால், கணக்கில் வருகிற ஒவ்வொரு அளவையும் பார்த்து 'இதை முடிவு செய்வது யார்?' என்று கேட்க வேண்டும். அலைப் பாடத்தில் அப்படி முடிவு செய்கிறவர்கள் மூன்றே பேர்தான். ஆட்டிவிடுகிற மூலம், அலை போகிற ஊடகம், அலையை அடைத்து வைக்கிற எல்லைகள்.

அலையின் வேகம் ஊடகத்தின் கையில் இருக்கிறது. காற்றில் 0 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் சுமார் 331 மீ/வி, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 கூடும், தண்ணீரில் 1,500-ஐ ஒட்டி இருக்கும், எஃகில் 5,000-ஐத் தாண்டும். நீ கத்தினாலும் முணுமுணுத்தாலும், கீச்சுக் குரலில் பேசினாலும் கட்டைக் குரலில் பேசினாலும் காற்றில் அதே வேகம்தான். அதிர்வெண் மூலத்தின் கையில். இசைக்கவை நொடிக்கு 500 தடவை ஆடினால் பக்கத்துக் காற்றும் 500 தடவைதான் ஆடும், அந்தக் காற்று தண்ணீரைத் தட்டினால் தண்ணீரும் 500 தடவைதான் ஆடும். தட்டுகிறவரைவிட அதிகமாகவோ குறைவாகவோ தட்டு வாங்க முடியாது. அலைநீளத்துக்குச் சொந்த முடிவு என்று ஒன்றும் கிடையாது. மூலம் அதிர்வெண்ணைக் கொடுக்கிறது, ஊடகம் வேகத்தைக் கொடுக்கிறது, வகுத்தால் வருவது அலைநீளம்.

இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்ற சூத்திரத்தைப் பார்த்துவிட்டு 'அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும்' என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். அப்படி இருந்தால், தூரத்தில் நின்று பாட்டுக் கேட்கும்போது மேல் சுரம் முதலில் வந்து சேரும், கீழ்ச் சுரம் தாமதமாக வரும், பாட்டே சிதறிப்போகும். அப்படி ஒருநாளும் நடப்பதில்லையே. சமன்பாட்டில் மூன்று எழுத்து இருந்தால் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் எது தானாக நிற்கிறது, எது விட்டுக்கொடுக்கிறது என்பதைச் சமன்பாடு சொல்லாது. அதை நாம்தான் கணக்கைப் படித்து எடுக்க வேண்டும்.

எல்லைகள் வந்துவிட்டால் வரிசை மாறிவிடும். இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பியைச் சுண்டினால், முனைகள் அசைய முடியாது, அதனால் கம்பியின் நீளத்துக்குள் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கியாக வேண்டும். இங்கே அலைநீளத்தை எல்லை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. வேகத்தை வழக்கம்போல ஊடகம், அதாவது கம்பியின் இழுவிசையும் ஓரலகு நீளத்தின் நிறையும் முடிவு செய்கின்றன. கடைசியில் வருவது அதிர்வெண். திறந்த வெளியில் ஓடுகிற அலையில் அலைநீளம் கடைசி விடை, அடைபட்ட அலையில் அலைநீளம் முதல் வரி. நான் பார்த்தவரை, இந்தப் பாடத்தில் வருகிற குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. உன் குழாய்க் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பார்: இசைக்கவையும் காற்றும் சேர்ந்து அலைநீளம் 68 செ.மீ. என்று முடிவு செய்துவிட்டன, நாம் தண்ணீர் மட்டம் என்கிற எல்லையை நகர்த்தி நகர்த்தி அந்த அலைக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடுகிறோம்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 0.6 மீட்டர் நீளமும் 3 கிராம் நிறையும் உள்ள கம்பி, இரண்டு முனையும் கட்டப்பட்டு 72 நியூட்டன் இழுவிசையில் இருக்கிறது. அதைச் சுண்டினால் எழும் அடிப்படை ஒலிக்குக் காற்றில் அலைநீளம் என்ன? காற்றில் ஒலியின் வேகம் 340 மீ/வி.

இதில் இரண்டு அலைகள் இருக்கின்றன என்பதைப் பேனாவை எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஒன்று கம்பியில் அடைபட்ட குறுக்கலை (கம்பி பக்கவாட்டில் ஆடுகிறது), இன்னொன்று காற்றில் ஓடுகிற நெட்டலை (காற்று அலை போகிற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது). தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் கம்பி, வலது பக்கம் காற்று என்று எழுதிக்கொள். கம்பிப் பக்கம்: அலைநீளத்தை எல்லை முடிவு செய்கிறது, நீளத்தைப் போல இரண்டு மடங்கு, 1.2 மீட்டர். வேகத்தைக் கம்பி முடிவு செய்கிறது. ஓரலகு நீளத்தின் நிறை 0.003-ஐ 0.6-ஆல் வகுத்தால் 0.005 கி.கி./மீ., 72-ஐ 0.005-ஆல் வகுத்தால் 14,400, அதன் வர்க்கமூலம் 120 மீ/வி. அதிர்வெண் 120-ஐ 1.2-ஆல் வகுத்தால் 100 ஹெர்ட்ஸ். இப்போது கோட்டைத் தாண்டி வலது பக்கம் போகிறோம், கையில் எதை எடுத்துக்கொண்டு போகலாம்? அதிர்வெண்ணை மட்டும். காற்றுக்குக் கம்பிதான் மூலம், அதனால் 100 அப்படியே போகும். காற்றின் வேகம் 340 ஏற்கெனவே அங்கே இருக்கிறது. 340-ஐ 100-ஆல் வகுத்தால் 3.4 மீட்டர். ஒரே சுரம், கம்பியில் 1.2 மீட்டர், காற்றில் 3.4 மீட்டர்.

இதைத் தப்பாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் 1.2 மீட்டரைக் கோடு தாண்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். 340-ஐ 1.2-ஆல் வகுத்து 283 ஹெர்ட்ஸ் என்பார்கள். கம்பி 100 தடவை ஆடும்போது காற்று 283 தடவை ஆட யார் தள்ளிவிட்டது என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். இன்னொரு தவறு, 3 கிராமைக் கிலோகிராம் ஆக்காமல் 3 என்றே வைப்பது. அப்போது கம்பியில் அலையின் வேகம் 3.8 மீ/வி வரும், அடிப்படை அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் சொச்சம். விறைத்து நிற்கிற கம்பி நொடிக்கு மூன்று தடவை ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்தையும் கண்ணால் எண்ணலாம், காதில் ஒன்றும் விழாது. விடையை எழுதியதும் அது காதுக்கு எப்படி இருக்கும், கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் இந்த மாதிரிப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதே கம்பியை நடுவில் அழுத்திப் பிடித்துப் பாதியை மட்டும் சுண்டினால்? நீளம் பாதி, ஆனால் நிறையும் பாதி, ஓரலகு நீளத்தின் நிறை அப்படியே 0.005. வேகம் மாறவில்லை, அலைநீளம் பாதியானது, அதிர்வெண் 200. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்கு, எல்லை மாறவில்லை, அதனால் அதுவும் 200. கம்பிகளின் இந்த விதிகளை 1630-களில் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதி வைத்தார். கேட்கக்கூடிய கம்பியின் அதிர்வை எண்ண அந்தக் காலத்தில் கருவி இல்லை, அதனால் அவர் ஆட்டத்தைக் கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்கு மிக நீளமான கம்பிகளை ஆடவிட்டு எண்ணி, நீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதத்தை வைத்துச் சின்னக் கம்பிக்குக் கணக்குப் போட்டார். விகிதக் கணக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். 'இழுவிசை இத்தனை மடங்கானால் அதிர்வெண் எத்தனை மடங்காகும்' என்கிற கேள்விக்கு எண்களைத் தேடி அலைய வேண்டாம், எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

குழாய்க் கணக்குகளுக்குத் தனியாகச் சூத்திரம் மனப்பாடம் செய்திருப்பாய். அதை மறந்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. மூடிய முனையில் கணு, திறந்த முனையில் எதிர்க்கணு என்று வைத்துப் படம் வரைந்தால் ஒரு முனை மூடிய குழாயில் கால், முக்கால், ஒன்றேகால் என்று ஒற்றைப்படையாக மட்டும்தான் பொருந்தும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சொல்லில்தான் ஒரு பொறி இருக்கிறது: மூடிய குழாயில் முதல் மேற்சுரம் என்பது மூன்றாவது சீரிசை. அடிப்படை 100 ஹெர்ட்ஸ் என்றால் முதல் மேற்சுரம் 300. மேற்சுரம் என்பது அந்தக் குழாயில் உண்மையில் எழும் சுரங்களை வரிசையாக எண்ணுவது, சீரிசை என்பது அடிப்படையின் எத்தனை மடங்கு என்பது. இதில் மதிப்பெண் போனால் இயற்பியல் தெரியாமல் போனது இல்லை, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போனது.

இப்போது அலைவுகளுக்கு வருவோம், அங்கேயும் அதே கேள்விதான். சுருள்வில்லில் கட்டிய கட்டையின் அலைவு நேரத்தை முடிவு செய்வது யார்? கட்டையின் நிறையும் வில்லின் விறைப்பும். இழுத்து விடுகிற உன் கை முடிவு செய்வது வீச்சை, அதாவது நடுவிலிருந்து எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை மட்டும்தான். 5 செ.மீ. இழுத்து விட்டாலும் 10 செ.மீ. இழுத்து விட்டாலும் ஒரு முழு அலைவுக்கு ஆகிற நேரம் ஒன்றே, ஏனென்றால் அதிக தூரம் இழுத்தால் வில்லும் அதற்கேற்ப அதிக விசையோடு இழுக்கிறது. தனி ஊசலில் சின்னக் கோணங்களுக்கு நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் மட்டும்தான், குண்டின் நிறைக்கு அதில் பேச்சே இல்லை.

ஆனால் அலைவுக் கணக்கில் பிள்ளைகள் விழுகிற பெரிய பள்ளம் வேறு. 0.5 கி.கி. கட்டை, 200 நியூட்டன்/மீ. வில், 5 செ.மீ. இழுத்து விடுகிறோம், நடுநிலையைக் கடக்கும்போது வேகம் என்ன? முந்தைய பாடங்களில் கை பழகியிருப்பதால் வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம் என்ற சமன்பாட்டை எடுப்பார்கள். விடும்போது விசை 200-ஐ 0.05-ஆல் பெருக்கி 10 நியூட்டன், முடுக்கம் 20 மீ/வி², தூரம் 0.05 மீ., வேகத்தின் வர்க்கம் 2, வேகம் 1.41 மீ/வி. அழகாக வருகிறது, ஆனால் தப்பு. முடுக்கம் 20 என்பது விட்ட அந்தக் கணத்தில் மட்டும்தான், கட்டை நடுவை நெருங்க நெருங்க வில் தளர்ந்துகொண்டே வந்து, நடுவில் முடுக்கம் பூச்சியம். மாறாத முடுக்கத்துக்கு எழுதிய சமன்பாட்டை மாறிக்கொண்டே இருக்கிற முடுக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆற்றலை வைத்துப் போடு: வில்லில் சேர்த்து வைத்தது 0.25 ஜூல், அது முழுக்க இயக்க ஆற்றலாக மாறினால் வேகம் 1 மீ/வி. விசை 10-லிருந்து பூச்சியம் வரை நேர்கோட்டில் குறைகிறது, அதனால் தூரத்தைப் பொறுத்த சராசரி முடுக்கம் 10. அதை அந்தப் பழைய சமன்பாட்டில் வைத்துப் பார், அங்கேயும் 1 வரும். இப்படி இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால், உன் குழாய்க் கணக்கில் கிடைக்காத நிம்மதி இங்கே கிடைக்கும்.

நேரத்திலும் இதே பள்ளம் இருக்கிறது. நடுவிலிருந்து கடைசி வரை போக அலைவு நேரத்தில் கால் பங்கு ஆகிறது என்றால், பாதி தூரம் போக அரைக்கால் பங்கா? கிடையாது. நடுவில் கட்டை வேகமாக ஓடுகிறது, ஓரத்தில் தயங்கித் தயங்கித் திரும்புகிறது. ஒரு வட்டம் வரைந்து, அதில் சீராகச் சுற்றுகிற புள்ளியின் நிழலாக அந்தக் கட்டையை நினைத்துக்கொள். நிழல் வீச்சில் பாதியைத் தொடும்போது புள்ளி 30 டிகிரி சுற்றியிருக்கும், 360-ல் 30, அதாவது 12-ல் ஒரு பங்கு. மீதிப் பாதிக்கு 6-ல் ஒரு பங்கு, சரியாக இரண்டு மடங்கு நேரம்.

அலைச் சமன்பாடு கொடுத்துக் கேட்கிற கேள்வி நிச்சயம் வரும். ஒய் = 0.02 சைன் (5எக்ஸ் − 200டி) என்று வைத்துக்கொள், எல்லாம் மீட்டரிலும் நொடியிலும். அலையின் வேகம், 200-ஐ 5-ஆல் வகுத்து, 40 மீ/வி. துகளின் பெரும வேகம், 0.02-ஐ 200-ஆல் பெருக்கி, 4 மீ/வி. இந்த இரண்டும் வேறு வேறு என்பது வகுப்பில் கேட்டால் எல்லாருக்கும் தெரியும், தாளில் எழுதும்போது கலந்துவிடும். தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, நடுவில் ஒரு நூலைக் கட்டி, ஒரு முனையை உதறிப் பார். மேடு கயிற்றின் நீளத்துக்கு ஓடிப்போகும், நூல் கட்டிய இடம் பக்கவாட்டில் ஒருமுறை துள்ளிவிட்டு அங்கேயே இருக்கும். முதலாவது ஊடகம் முடிவு செய்கிற வேகம். இரண்டாவதை உன் கை முடிவு செய்கிறது, பலமாக உதறினால் கூடும். அப்புறம், இந்தச் சமன்பாட்டில் எண்களை வைக்கும்போது கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எக்ஸ் 0.2, டி 0.01 என்றால் உள்ளே வருவது −1. ரேடியனில் அதன் சைன் −0.84, டிகிரியில் −0.017. ஐம்பது மடங்கு வித்தியாசம், சூத்திரம் முழுக்கச் சரியாக இருந்தும்.

மூலமோ கேட்பவரோ நகரும்போது கேட்கிற அதிர்வெண் மாறுவதுதான் டாப்ளர் விளைவு, அந்தக் கணக்கில் குறியைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். கூட்டல் கழித்தலை மனப்பாடம் செய்யாமல், நெருங்கினால் அதிர்வெண் கூட வேண்டும், விலகினால் குறைய வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டு குறியை நீயே போடு. அதைவிட முக்கியம், மூலம் நகர்வதும் கேட்பவர் நகர்வதும் ஏன் ஒரே விடையைத் தருவதில்லை என்பது. 600 ஹெர்ட்ஸ் ஒலி, ஒலியின் வேகம் 330, அலைநீளம் 0.55 மீ. மூலம் 30 மீ/வி வேகத்தில் உன்னை நோக்கி வந்தால், தான் அனுப்பிய முகட்டைத் தானே துரத்திக்கொண்டு அடுத்த முகட்டை அனுப்புகிறது, அலைநீளமே 0.5 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது, 330-ஐ 0.5-ஆல் வகுத்தால் 660 ஹெர்ட்ஸ். மூலம் நின்று, நீ 30 மீ/வி வேகத்தில் அதை நோக்கிப் போனால் காற்றில் அலைநீளம் 0.55 அப்படியே இருக்கிறது, நீ முகடுகளை எதிர்கொள்கிற வேகம்தான் 360 ஆகிறது, 360-ஐ 0.55-ஆல் வகுத்தால் 654.5. காற்று என்கிற ஊடகம் நடுவில் இருப்பதால்தான் இந்த வித்தியாசம். டாப்ளர் இதை 1842-ல் சொன்னார், 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ஊதுகொம்புக் கலைஞர்களை ரயிலில் ஏற்றி ஊதவிட்டு, சுரம் தெரிந்த இசைக்காரர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். எந்தக் கருவியும் இல்லாமல், காதை மட்டும் நம்பி.

சற்றே வேறுபட்ட அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் சேரும்போது ஒலி ஏறி ஏறி இறங்குவதுதான் விம்மல், நொடிக்கு எத்தனை என்பது இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம். இந்தக் கணக்கு எளிது, ஒரே ஒரு இடம்தான் தடுக்கும். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையோடு இன்னொன்று சேர்ந்து நொடிக்கு 4 விம்மல் தந்தால் அது 252-ஆகவும் இருக்கலாம், 260-ஆகவும் இருக்கலாம். தெரியாத கவையில் கொஞ்சம் மெழுகு ஒட்டினால் அதன் அதிர்வெண் குறையும். விம்மல் 4-லிருந்து 2 ஆகக் குறைந்தால் அது 260, கூடினால் 252.

பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டு புரிகிறது, தேர்வில் வரவில்லை என்கிறாய். புத்தகத்தில் 'விம்மல்கள்' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிற கணக்கைப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது, தேர்ந்தெடுக்கிற வேலையை நீ செய்யவே இல்லை. தேர்வில் தலைப்பு இருக்காது. அதனால் இரண்டு பாடத்திலிருந்தும் முப்பது கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, தினமும் ஐந்து எடு. ஐந்தையும் போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, அதிர்வெண்ணை யார் முடிவு செய்கிறார், வேகத்தை யார், அலைநீளத்தை யார், எது கடைசியில் வருவது என்று மட்டும் சொந்த வார்த்தையில் எழுது. அதில் ஒன்றை மட்டும் எண் போட்டு முடி. தப்பாகப் போனவற்றை அழிக்காதே, தப்பான வரியை வைத்துக்கொண்டே பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுதி வை, நான்கு நாள் கழித்து அதே சீட்டை மறுபடி எடு. முதல் வாரம் மெதுவாகத்தான் போகும், அதற்காகப் பயப்படாதே.

ஒரு கணக்கு தருகிறேன். மேலே போட்ட 100 ஹெர்ட்ஸ் கம்பியும், ஒரு முனை மூடிய 85 செ.மீ. குழாய் ஒன்றும் சேர்ந்து அவற்றின் அடிப்படைச் சுரத்தில் ஒலிக்கின்றன, முனைத் திருத்தத்தை விட்டுவிடு. ஒலியின் வேகம் 340-ஆக இருக்கும்போது விம்மல் இல்லை. காற்று சூடாகி வேகம் 346.8 ஆகிறது, கம்பியில் ஒன்றும் மாறவில்லை என்று வைத்துக்கொள். இப்போது நொடிக்கு எத்தனை விம்மல்? போட்டு அனுப்பு. குழாய்க்குள் அலைநீளம் மாறியதா, மாறவில்லையா, ஏன் என்று நீ எழுதுகிற வரியைத்தான் முதலில் படிப்பேன், எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.